செத்துப்போன ஆமிக்காரனுக்காக நாங்கள் இரக்கப்படலாமா?

வட்டக்கச்சியான்:
ஆனையிறவில் ஏ9 வீதியோரம் ஆமி வைத்திருக்கிற நினைவுச்சின்னத்தடியில் போன கிழமை ஒரு வேலையாக நின்றேன். தெற்கிலிருந்து பஸ்சில் வந்த சனம் அந்தப் பழைய புல்டோசருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, ஒரு வயதான அம்மா மட்டும் தனியாக விலகிப் போய் உப்பு மண்ணைக் கிள்ளி லேஞ்சியில் முடிந்தார். மற்றக் கையில் லாமினேற் பண்ணின படம், சீருடையில் ஒரு சின்னப் பொடியன். 2000 ஏப்ரலில் ஆனையிறவு ஆமி முகாம் புலிகளிடம் விழுந்தபோது செத்தவனாம். எனக்கு மனம் தாங்கவில்லை. வீட்டில் சொன்னேன், அண்ணை சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். 2009இல் புதுக்குடியிருப்பில் செல் விழுந்து மகளைப் பறிகொடுத்தவர் அவர், அவரில் பிழை சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன்: அநியாயமான யுத்தத்தில் அநியாயத்தின் பக்கம் நின்று சண்டை பிடித்தவனுக்கு இரங்குவது சரியா?

குளக்கட்டு:
சரிதான் தம்பி. அனுராதபுரம், மொனராகலைப் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்து வயல் காய்ந்தால் படிப்புக் குறைந்த பொடியனுக்கு மாதச் சம்பளம் தருகிற இடம் ஆமிதான். கொழும்பில் யுத்தம் வேண்டுமென்று கத்தினவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் முன்னரங்கில் நின்றார்கள்? ஆமியை விட்டு ஓடினவர்கள் பல்லாயிரம் பேர், அரசாங்கம் திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் எங்கள் பக்கத்திலும் புலிகள் இயக்கம் பிள்ளைகளைக் கட்டாயமாகக் கொண்டுபோனது, தண்ணீர்ப் பரலுக்குள்ளும் பங்கருக்குள்ளும் பிள்ளையை ஒளித்துவைத்த தாய்மாரை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போய்ச் செத்த பிள்ளைக்காக அழுகிற நாங்கள் மற்றப் பக்கத்துப் பொடியனைப் பார்த்து அவன் விரும்பித்தானே வந்தான் என்று ஒரே வரியில் முடிக்க ஏலாது.

நந்திக்கடல்:
முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். யுத்தத்தைத் தொடங்கின குற்றம் வேறு, யுத்தத்துக்குள் செய்த குற்றம் வேறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நாஜிகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றத்தில் ஆக்கிரமிப்பு யுத்தத்துக்காகத் தலைவர்களைத்தான் நிறுத்தினார்கள், சாதாரணச் சிப்பாயை இல்லை. ஆனால் மேலிடத்து உத்தரவு என்ற சாக்குப்போக்கை அந்த நீதிமன்றம் ஏற்கவும் இல்லை. 1968இல் வியட்நாமின் மை லாயில் அமெரிக்க ஆமி ஊர்ச்சனத்தைச் சுட்டுக்கொண்டிருந்தபோது ஹியூ தொம்சன் என்ற ஹெலிகொப்டர் ஓட்டி சனத்துக்கும் தன் படைக்கும் நடுவில் ஹெலிகொப்டரை இறக்கினார், இவர்கள் திரும்பவும் சனத்தைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். அவரும் அதே அநியாய யுத்தத்துக்குப் போனவர்தான். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்து மிருசுவிலை எடுங்கள். 2000 டிசம்பரில் அங்கே ஆமி கொன்றது எட்டுப் பேரை, அதில் குழந்தையும் உண்டு. 2015இல் ஒரு ஆமிக்காரனுக்கு மரணதண்டனை விதித்தார்கள், உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரக்கம் என்ற பெயரில் இங்கே நடந்தது இதுதான். ஏழைப் பொடியன் பாவம் என்று தொடங்குகிற கதை இப்படி வந்து நிற்பதால்தான் எனக்குப் பயம்.

வட்டுவாகல் அக்கா:
நீங்கள் எல்லோரும் செத்தவனைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் உயிரோடிருக்கிறவனைப் பற்றிக் கேட்கிறேன். 2009 மேயில் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோது தம்பியை நாங்களே கையால் ஆமியிடம் ஒப்படைத்தோம், ஒருநாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியச் சொன்னார்கள். பேர் எழுதினவன் சின்னப் பொடியன், பேனையில் மை வராமல் உதறி உதறி எழுதினான், அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலும் தந்தான். அன்றைக்கு அவனால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதற்காக இரங்கவும் செய்கிறேன். ஆனால் இன்றைக்கு அவனுக்குப் பின்னால் துவக்கோடு யார் நிற்கிறார்கள்? 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் போராட்டம் இருக்கத் தொடங்கின தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். தம்பியை ஏற்றிக்கொண்டு போன பஸ் எங்கே போனதென்று அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியாமலா இருக்கும்? இத்தனை வருடமாக வாய் திறக்காமல் இருக்கிறவனுக்கு நான் எதற்காக இரங்க வேண்டும்?

குளக்கட்டு:
பிள்ளை, சொன்னால் அவனுடைய வீட்டையே கொளுத்திவிடுவார்களே, துரோகி என்று.

வட்டுவாகல் அக்கா:
தெரியும் அண்ணை. பேர் போட்டு, முகம் காட்டிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் போதும்: எந்த முகாம், எங்கே இறக்கினது, அதற்குப் பிறகு என்ன நடந்தது.

வட்டக்கச்சியான்:
அக்கா, அப்படி ஒருவன் சொன்னால் மன்னிப்பீர்களா?

வட்டுவாகல் அக்கா:
மன்னிப்பை இப்போதே கேட்காதீர்கள். சொன்னானென்றால், அவனும் எவ்வளவு காலம் இதைச் சுமந்திருப்பான் என்று யோசிக்க நான் தயார். அம்மாவுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது.