பிள்ளைய ஒரே ரேஸ்ல நிறுத்தணுமா, எல்லாத்தையும் ஓட்ட விடலாமா?

பாளை அக்கா:
எங்க அண்ணன் மவ பதினொண்ணாப்பு படிக்கா, ரோடு சைக்கிள் ரேஸ்ல நல்லா வாரா. இப்ப மவுண்டன் பைக், சேறு மணல்ல ஓட்டுத சைக்ளோகிராஸ் எல்லாம் ஓட்டணும்ங்கா. கோச் ஒண்ணுல மட்டும் நில்லுங்காரு. என்ன செய்யலாம்?

ஜங்ஷன் சைக்கிள்கடை:
கோச் சொல்லுதது சரி. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்லா. ரோட்டுக்கு ஒரு வண்டி மலைக்கு ஒரு வண்டின்னு வாங்க வீட்டுல காசு கொட்டியா கெடக்கு?

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, பிரான்ஸ்ல பாலின் ஃபெரான் பிரெவோன்னு ஒரு வீராங்கனை, 2014 செப்டம்பர்ல ரோடு உலக சாம்பியன், 2015 தொடக்கத்துல சைக்ளோகிராஸ் சாம்பியன், அந்த வருசமே மவுண்டன் பைக்லயும் ஜெயிச்சு மூணு பட்டத்தையும் ஒரே நேரத்துல வச்சிருந்தாவ, அப்ப வயசு 23தான். தச்சன் எல்லா மரத்தையும் வெட்டிட்டாவளே.

ஜங்ஷன் சைக்கிள்கடை:
அடுத்த வருசம் ரியோ ஒலிம்பிக்ஸ்ல மவுண்டன் பைக் ரேஸ முடிக்காமலே இறங்குனாவல்லா, அதையும் சொல்லும். 2024ல பாரிஸ்ல தங்கம் எடுத்தது மவுண்டன் பைக்லயே குறியா நின்னதுக்கப்புறம்தான். பொறவு அத விட்டுட்டு ரோட்டுக்கு வந்தாவ, 2025ல பாரிஸ் ரூபேங்கிற கல்லு ரோட்டு ரேஸ், பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் ரெண்டும் எடுத்தாவ. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுலதான நின்னுருக்காவ.

தேரிக்காட்டான்:
நடுவுல 2019ல காலுக்குப் போற ரத்தக்குழாய்ல ஆபரேஷன் நடந்துச்சே, நடு வருசங்கள்ல வந்த சறுக்கல பூரா பல ரேஸ் ஓட்டுனதுமேல போடக்கூடாது. ஒண்ணுல நின்னாவன்னு சொல்லுதீய, ஆனா நிக்கதுக்கு முன்னால கை பழகுனது எங்க? சைக்ளோகிராஸ்ல டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, அத வச்சிக்கிட்டு சேத்துலயும் மணல்லயும் போவணும், முடியாத எடத்துல வண்டிய தோள்ல போட்டு ஓடணும், ஓட்டத்துலயே தாவி ஏறணும். பெல்ஜியம் கோக்ஸைடல கடற்கர மணல்மேட்டுலயே ரேஸ் நடக்கு, 2012ல உலகப் போட்டியே அங்கதான். நம்ம தேரி மணலும் அப்படித்தான், ஹேண்டில இறுக்கிப் பிடிச்சா முன்சக்கரம் பொதைஞ்சிரும், கைய லேசா விட்டு எடைய பின்னால தள்ளி நிறுத்தாம மிதிக்கணும். இது தெரிஞ்ச பிள்ள ரூபேல கல்லு பாவுன ரோட்டுல மெரளாது.

ஜங்ஷன் சைக்கிள்கடை:
கை பழகும், ஒத்துக்கிடுதேன். ஆனா வருசம் பூரா மூணு ரேஸ்னா ஒடம்புக்கு ஓய்வு எப்ப? சைக்ளோகிராஸ் அங்க குளிர்காலத்து ஆட்டம், ரோடு சீசன் ஓஞ்ச பொறவுதான் அது சூடுபிடிக்கும். இவளுக்கு பரீட்சையும் இருக்கு.

பாளை அக்கா:
பரீட்ச முடியட்டும், ரேஸ் பேர் குடுக்க வேண்டாம், லீவுல மணல்ல ஓட்டிப் பழகட்டும். கோச்சுகிட்ட நான் பேசிக்கிடுதேன். வண்டிக்குத்தான் வழி தெரியல.

தேரிக்காட்டான்:
என் பழைய மவுண்டன் பைக் சும்மாதான் நிக்கு, எடுத்துக்கிடுங்க.

ஜங்ஷன் சைக்கிள்கடை:
மொதல்ல கடைக்குக் கொண்டாங்க, பிரேக்கும் செயினும் பாக்காம பிள்ளைய ஏத்தப்பிடாது.