எரேமியா 22:30: கோனியாவுக்குப் பிள்ளையே இல்லையா?

யீஷூன்வாசி:
எங்கள் புளோக்கில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கிற செல் குரூப்பில் இந்த முறை எரேமியா 22 என் தலையில் விழுந்திருக்கிறது. யூதாவின் ராஜா கோனியாவை (யோயாக்கீன், எகொனியா எல்லாம் இவர்தான்) சந்தானமற்றவன் என்று எழுதச் சொல்கிறார் கர்த்தர். 1 நாளாகமம் 3-இல் பார்த்தால் அவருடைய பிள்ளைகளின் பெயர் வரிசையாக வருகிறது, மத்தேயு 1-இல் இயேசுவின் வம்சமே அவர் வழியாகத்தான் போகிறது. சபையில் கேட்டால் "லூக்காவில் வேற வழி இருக்கு பிரதர்" என்று முடித்துவிட்டார்கள். யாராவது கொஞ்சம் விளக்குங்களேன், குரூப்பில் கேள்வி கேட்டே ஆளைச் சாய்க்கிற அங்கிள் ஒருவர் இருக்கிறார்.

சுருள்வாசகன்:
பிரதர், வசனத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், அதே 30-ஆம் வசனத்தின் பின்பாதியிலேயே விளக்கம் இருக்கிறது: அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கப்போவதில்லை. பதிவேட்டில் வாரிசு என்ற கட்டத்தில் கோடு இழுக்கச் சொல்வது மாதிரிதான் இது, பிள்ளை பிறக்காது என்பது இல்லை. பிள்ளைகள் இருந்ததற்கு பைபிளுக்கு வெளியிலேயே சாட்சி உண்டு. பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில், அரண்மனைக் கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு இருக்கிறது. அதில் யூதாவின் ராஜா யோயாக்கீன் பெயரும், ராஜாவின் ஐந்து குமாரர்களும் வருகிறார்கள். அந்தப் பலகைகளில் ஒன்று கி.மு. 592-ஐச் சேர்ந்தது. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தபோது அவருக்கு 18 வயது, அப்படியென்றால் 23 வயசுக்குள் ஐந்து பையன்கள்! (2 இராஜாக்கள் 24:15-இல் அவருடைய ஸ்திரீகளையும் சேர்த்துக் கொண்டுபோனதாக இருக்கிறது, அதனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) ராஜா என்ற பட்டம் பாபிலோன் கணக்கில் இருந்தது, சிங்காசனம் மட்டும் இல்லை.

கிளமெண்டி சிஸ்டர்:
லூக்கா வழி அவ்வளவு சுலபம் இல்லை. லூக்கா தருவது தாவீதின் மகன் நாத்தான் வழியாக வரும் மரியாளின் வம்சம், அதனால் சாபம் தொடவில்லை என்று நிறைய பேர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் லூக்கா 3:27-ஐத் திறந்து பாருங்கள், அங்கேயும் சலாத்தியேல், சொரொபாபேல் வருகிறார்கள், மத்தேயுவில் சலாத்தியேலுக்கு அப்பா எகொனியா, இங்கே மட்டும் நேரி. அதே ஆட்களா, ஒரே பெயர் கொண்ட வேறு ஆட்களா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு ஆகாய் 2:23-தான் முக்கியம். எரேமியா 22:24-இல் கர்த்தர், கோனியா என் வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார், அப்புறம் கி.மு. 520-இல் ஆகாய் மூலமாக கோனியாவின் பேரன் செருபாபேலை (மத்தேயுவின் சொரொபாபேல் இவர்தான்) முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். கழற்றின அதே மோதிரம். யூத ரபிமார்கள் சிறையில் கோனியா மனந்திரும்பினார், அதனால் தீர்ப்பு இளகியது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

சுருள்வாசகன்:
சிஸ்டர், மோதிரம் சரி, ஆனால் செருபாபேல் ராஜா ஆகவில்லையே, பெர்சிய ராஜாவுக்குக் கீழே யூதாவின் அதிபதி அவ்வளவுதான். இளகியது என்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன், பூமியில் ஒரு சிங்காசனம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கிளமெண்டி சிஸ்டர்:
அதுவும் நியாயம்தான். ஆனால் வம்சம் அறுந்துபோகவில்லை, எனக்கு அது போதும். 2 இராஜாக்கள் கடைசி வசனங்களையும் குரூப்பில் வாசியுங்கள் பிரதர், சிறையிருப்பின் 37-ஆம் வருஷம் பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் யோயாக்கீனைச் சிறையிலிருந்து எடுத்து, சிறையுடுப்பை மாற்றி, தன் பந்தியிலேயே தினமும் சாப்பிட வைக்கிறான்.

யீஷூன்வாசி:
ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். இன்னொன்று: எரேமியா 36:30-இல் அப்பா யோயாக்கீமுக்கும் சிங்காசனத்தில் உட்கார ஆள் இருக்காது என்று சொல்கிறாரே, மகன் மூன்று மாதம் ஆண்டாரே? அங்கிள் கட்டாயம் கேட்பார்.

சுருள்வாசகன்:
கேட்கட்டும். அந்த மூன்று மாதமும் பாபிலோன் படை எருசலேமை நெருக்கிக்கொண்டிருந்த காலம், அதை உட்கார்ந்து ஆண்டதாக எரேமியா எண்ணவில்லை என்று விளக்கலாம். யோயாக்கீனுக்குப் பிறகு பட்டம் மகனுக்குப் போகாமல் சித்தப்பா சிதேக்கியாவுக்குப் போனதையும் சொல்லுங்கள்.