நம் சினிமா குழுவில் வசூல் லீக் ஆடலாமா, வேண்டாமா?

எட்டாவது திரை (எடிசன், நியூ ஜெர்சி):

வரும் பொங்கல் ரிலீஸிலிருந்து இங்கே ஒரு வசூல் லீக் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தேன். நாலைந்து பேர் "அது என்ன ஆட்டம்?" என்று தனியாகக் கேட்டதால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஃபேன்டஸி கிரிக்கெட்டில் நிஜ ஆட்டக்காரர்களை எடுத்துக் கற்பனை அணி கட்டுவார்கள். இதில் படங்களை எடுத்துக் கற்பனைத் தியேட்டர் கட்ட வேண்டும். நான் பழகியது 2015-ல் அமெரிக்காவில் வந்த ஃபேன்டஸி மூவி லீக். ஃபேன்டஸி அமெரிக்கக் கால்பந்து பற்றி எழுதிப் பேர் வாங்கிய மேத்யூ பெர்ரி உருவாக்கியது. ஆளுக்கு எட்டுத் திரை, செலவழிக்க ஆயிரம் டாலர் விளையாட்டுக் காசு. அந்த வாரம் ஓடும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை. பெரிய படம் ஒன்றே பாதிக் காசை விழுங்கிவிடும். மூன்றாம் வாரத்தில் இருக்கும் சின்னப் படம் சல்லிசாகக் கிடைக்கும். ஒரே படத்தை எத்தனை திரையிலும் போடலாம். வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான் உங்கள் மதிப்பெண். காலித் திரை ஒவ்வொன்றுக்கும் இருபது லட்சம் டாலர் கழியும். கொடுத்த விலைக்கு அந்த வாரம் எந்தப் படம் அதிகம் ஈட்டியதோ, அதை வைத்திருந்தால் திரைக்கு இருபது லட்சம் கூடும்.

அந்தக் கடைசி விதிதான் ஆட்டத்துக்கே உயிர். பெரிய பேரைப் பார்த்துக் காசைக் கொட்டியவர் தோற்பார். யாரும் கண்டுகொள்ளாத கார்ட்டூன் படத்தை ஆறு திரையில் போட்டவர் ஜெயிப்பார்.

2016-லிருந்து ஆடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் ஆறு பேர் ஒரு கூகுள் ஷீட்டில் எங்களுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஒரு படம் யாருக்காக எடுக்கப்பட்டது, அவர்கள் எந்தக் கிழமை, எந்த ஆட்டத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார்கள் என்று யோசிக்க வைத்தது இந்த ஆட்டம்தான். தமிழ்ப் படங்களுக்கு இது வந்தால் நம்மவர்கள் சினிமா பேசும் விதமே மாறும் என்று நம்புகிறேன்.

கடைசி ரீல் (மதுரை):

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நான் இதுக்கு எதிர்.

எங்க அப்பா இருபத்திரண்டு வருஷம் எம்.ஆர். ஏரியாவுல, அதாவது மதுரை ராமநாதபுரம் விநியோகத்துல, படப் பிரதிநிதியா வேலை பார்த்தவர். படப் பொட்டியோட ஊர் ஊராப் போய்த் தங்குவார். ராத்திரி ரெண்டாவது ஆட்டம் இடைவேளை முடிஞ்சதும் மேனேஜர் ரூம்ல உக்காந்து டி.சி.ஆர்., அதாவது அன்னிக்கு வசூல் கணக்கு, எழுதணும். அன்னிக்குக் கிழிச்ச முதல் டிக்கெட் நம்பர், கடைசி டிக்கெட் நம்பர், கழிச்சா எத்தனை தலைன்னு வரும். சந்தேகம் வந்தா டார்ச்சை எடுத்துக்கிட்டு உள்ளே போவார். லீவு நாள்ல நானும் கூடப் போய் பெஞ்சு வரிசையை எண்ணியிருக்கேன். நான் நூத்தி நாப்பதுன்னு சொன்னா, "தூங்குற பிள்ளைகளைச் சேர்த்தியா?"ன்னு கேட்டு மறுபடி எண்ணச் சொல்வார். அந்த எண்ணிக்கை மூணு பேருக்குத்தான் தெரியும். தியேட்டர்காரர், விநியோகஸ்தர், அப்பா.

இன்னிக்கு என்ன நடக்குது? வெள்ளிக்கிழமை படம் வருது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கோடிக் கணக்கோட போஸ்டர் வருது. என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். படம் பார்த்துட்டு வந்தவன்கிட்ட எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டா, "மாமா, முதல் நாள் மட்டும் இவ்வளவு கோடி"ங்கறான். கதையில என்னன்னு அவனுக்குச் சொல்லத் தெரியலை. இந்த வியாதிக்கு நீங்க ஸ்கோர் போர்டு வைக்கிறீங்க.

எட்டாவது திரை:

அண்ணா, டார்ச் அடித்து எண்ணிய கதையை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் உங்கள் அக்கா மகன் சொன்ன எண் யாரோ அவனிடம் நீட்டியது. அவன் அதைச் சோதிக்கவில்லை, சோதிக்க அவனுக்குக் காரணமும் இல்லை. லீக் ஆடுகிறவன் அப்படி இருக்க முடியாது, நம்பினால் தோற்றுவிடுவான்.

ஒரு உதாரணம். 2022-ல் 'மோர்பியஸ்' தோல்விப் படம். அதைக் கிண்டலடித்து இணையம் முழுக்க மீம். இவ்வளவு பேர் பேசுகிறார்களே என்று சோனி நிறுவனம் ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டது. மூன்று நாளில் வந்தது ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர். தியேட்டருக்கு 300 டாலர் சொச்சம்! அந்த வாரம் எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. சத்தம் வேறு, டிக்கெட் வேறு என்று எங்களுக்குப் பழகியிருந்தது.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் வந்த 'சின்னர்ஸ்'. பேய்ப் படங்கள் இரண்டாம் வாரம் பாதிக்கு மேல் சரியும், அதுதான் வழக்கம். இது முதல் வார இறுதியில் 4.8 கோடி டாலர், இரண்டாம் வார இறுதியில் 4.5 கோடிக்கு மேல். படம் முடிந்து வருகிறவர்களிடம் வாசலிலேயே மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் அதற்கு 'ஏ' கொடுத்திருந்தது. பேய்ப் படத்துக்கு அது கிடைப்பது மிக அரிது. நான் அதைப் பார்த்து ஐந்து திரையில் வைத்தேன். ஜெயித்ததை விட, ஒரு படத்தை மக்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவதை எண்ணாகப் பார்த்ததுதான் அந்த வாரம் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

மாலைக்காட்சி (சென்னை):

நான் கணக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டர். இரண்டு பேரும் உணர்ச்சியோடு எழுதுகிறீர்கள், என் கேள்வி எளிமையானது. எந்த எண்ணை வைத்து ஆடுவீர்கள்?

சென்னை மல்ட்டிபிளெக்ஸில் பல வருடம் நாம் ஏறத்தாழ 190 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினோம். 2017-க்குப் பிறகு அரசு வைத்த உச்ச விலை 150. அதன்மேல் 2019-லிருந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 27 ரூபாய். உள்ளாட்சிக் கேளிக்கை வரி அப்போது 8 சதவீதம், 12 ரூபாய். போஸ்டரில் வருவது 190 பக்கத்துக் கணக்கு, அதாவது கிராஸ். வரி கழித்த நெட் என்றால் 150. தியேட்டரும் விநியோகஸ்தரும் பாதிக்குப் பாதி பிரித்தால் விநியோகஸ்தருக்குப் போகும் ஷேர் 75. ஒரே டிக்கெட்டுக்கு மூன்று எண்! இதில் எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமலே கோடிகளை ஒப்பிடுகிறார்கள். வேறு மாநிலத்தில் 400 ரூபாய்க்கு விற்ற டிக்கெட்டையும் மதுரையில் விற்ற டிக்கெட்டையும் சேர்த்துக் கூட்டி, எந்தப் படத்தை அதிகம் பேர் பார்த்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் காம்ஸ்கோர் தியேட்டர்களிடமிருந்து வாங்கித் தொகுக்கிறது. ஞாயிறு மதிப்பீடு, திங்கள் உறுதியான கணக்கு. தென் கொரியாவில் திரைப்பட கவுன்சிலின் கோபிஸ் தளத்தில் தினமும் எத்தனை டிக்கெட் என்று தலைக்கணக்கே பார்க்கலாம். நம்மிடம் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி அப்படி ஒன்று இல்லை. எட்டாவது திரை ஆடுவது புல் வெட்டிய மைதானத்தில். இங்கே ஆட நினைப்பது உழுத வயலில்.

முதல் காட்சி (திருப்பூர்):

அக்கா சொல்றது சரிதான், ஆனா எல்லாருக்கும் ஒரே தப்பு எண்ணுன்னா ஆட்டம் சமம்தானே? வசூல் எண்ணை வெளியிடுற ஏதாவது ஒரு டிராக்கரை எடுத்துக்கலாம். நான் ரெடி. ஆளுக்கு நூறு ரூபா போட்டு, பொங்கலுக்கு ஜெயிச்சவருக்குக் கொடுத்துடலாம். காசு இருந்தாத்தான் கடைசி வாரம் வரைக்கும் ஆளுங்க நிப்பாங்க.

மாலைக்காட்சி:

காசு வேண்டாம் தம்பி. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. 'இது அதிர்ஷ்டமல்ல, திறமை ஆட்டம்' என்ற பழைய வாதமும் அதில் எடுபடாது. நூறு ரூபாய் என்றாலும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற தளம் 1996-லிருந்து இருக்கிறது. படங்களைப் பங்கு போலப் பொய்க் காசில் வாங்கி விற்கும் விளையாட்டு. 2001-ல் கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நிதி நிறுவனம் அதை வாங்கியது. 2010-ல் அதே மாதிரி நிஜக் காசில் வசூல் மீது முன்பேர வர்த்தகம் (வரப்போகும் வசூலுக்கு இப்போதே விலை பேசி வாங்கி விற்பது) நடத்த அனுமதி கேட்டு, ஜூனில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டது. பெரிய ஸ்டுடியோக்கள் கடுமையாக எதிர்த்தன. ஜூலையில் வந்த டாட் ஃபிராங்க் சட்டம் அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் அதற்கு முன்பு அப்படிச் சட்டம் போட்டு முன்பேரத்துக்குத் தடை விதித்த பொருள் வெங்காயம், 1958-ல். சந்தை விலையை ஒன்றிரண்டு பேர் கையில் வைத்து ஆட்டியதால் வெங்காய விவசாயி நொந்து போனான், அதற்காக வந்த தடை.

கடைசி ரீல்:

அம்மா, நான் சொல்ல வந்ததை நீங்க சொல்லிட்டீங்க. ஸ்டுடியோக்காரங்க ஏன் பயந்தாங்க? படம் விழணும்னு காசு கட்டினவன், அதை விழவைக்கவும் பார்ப்பான். காசு இல்லாட்டியும் மனசு அதே மனசுதான். எட்டாவது திரை, நேராக் கேக்கறேன். எதிராளி வாங்கின படம் படுத்துச்சுன்னா உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?

எட்டாவது திரை:

இருந்தது அண்ணா. 2023 நவம்பரில் 'தி மார்வெல்ஸ்' வந்த வாரம். மற்றவர்களில் நாலு பேர் அதில் காசைக் கொட்டியிருந்தார்கள், நான் விட்டுவிட்டேன். முதல் வார இறுதி வசூல் 4.6 கோடி டாலர், மார்வெல் வரிசைப் படங்களிலேயே மிகக் குறைவு. ஞாயிறு காலை அந்த எண்ணைப் பார்த்து சமையலறையில் நின்று கைதட்டினேன். என் மகள் என்னவென்று கேட்டாள். அவளுக்குப் பிடித்த படம் அது, முந்தின நாள்தான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

கடைசி ரீல்:

நீங்க மறைக்காம சொன்னதுக்கு நன்றி. நானும் ஒண்ணு சொல்றேன்.

அப்பா பிரதிநிதி வேலையை விட்டுட்டு ஒரே ஒரு படம் சொந்தமா எம்.ஜி. கொடுத்து விநியோகத்துக்கு எடுத்தார். மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாட்டியும் பேசின தொகை தயாரிப்பாளருக்குப் போயிடும். படத்தோட பேரு வேண்டாம். ரெண்டாவது திங்கட்கிழமை மேட்னிக்குப் பதினேழு பேர். அதையும் அவரே எண்ணினார். அம்மாவோட நகை அடகுல போனது, திரும்பி வரலை. 2002-ல 'பாபா' சரியாப் போகாதப்ப ரஜினி விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு அப்படி யாரும் கொடுக்கலை. உங்க ஷீட்டுல ஒரு கட்டம் சிவப்பாகும்போது, அதுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கு.

பழைய ஆளுங்க படத்தை நாளால அளந்தாங்க. 1944-ல வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்துச்சு. வசூல் எவ்வளவுன்னு எங்க தாத்தாவுக்குத் தெரியாது, பாட்டு எல்லாம் தெரியும்.

மாலைக்காட்சி:

அண்ணே, உங்கள் வீட்டுக் கதைக்கு முன்னால் என்னிடம் வாதம் இல்லை. ஆனால் நாள் கணக்கும் அப்படியொன்றும் சுத்தமான அளவுகோல் இல்லை. 2005-ல் வந்த 'சந்திரமுகி' சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளுக்கு மேல் ஓடியது. அந்தத் தியேட்டரும் அப்போது படத்தைத் தயாரித்த சிவாஜி குடும்பத்தினுடையது. படம் பெரிய வெற்றிதான், எனக்கும் பிடிக்கும். எண்ணூறு நாள் என்பதை நூற்றுப் பதினான்கு வாரக் கூட்டம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவே. எண்ணை விட்டு நாளுக்குப் போனாலும் பெருமையடிப்பது நிற்கவில்லை.

முதல் காட்சி:

அண்ணே, நூறு ரூபா கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. எங்க கூட்டத்துல நாங்க எங்க ஹீரோ படத்தைத் தவிர வேற எதையும் முதல் நாள் பார்த்ததில்ல. இந்த லீக்ல ஆடினா எதிரி ஹீரோ படத்தையும் நான் வாங்கியாகணும், நல்லா ஓடும்னு தெரிஞ்சா. அதை என் வாயால சொல்லியும் ஆகணும். எனக்கு அது புதுசு. அதனாலதான் ஆடணும்னு தோணுது.

எட்டாவது திரை:

தம்பி சொன்னதுதான் நான் சொல்லத் தெரியாமல் தவித்தது.

விதியை மாற்றி எழுதுகிறேன், பாருங்கள். காசு கிடையாது. டிராக்கர் எண் கிடையாது, போஸ்டர் எண் கிடையாது. முதல் மூன்று நாள் கணக்கிலேயே வராது, அது ரசிகர் மன்றத்துக் கூட்டம். பொங்கல் படங்களில் ஆளுக்கு மூன்று தேர்வு. இரண்டாவது ஞாயிறு மாலைக் காட்சிக்கு அவரவர் ஊரில் ஒரு தியேட்டருக்கு டிக்கெட் வாங்கிப் போய், இடைவேளையில் எழுந்து நின்று தலையை எண்ண வேண்டும். இருக்கையில் எத்தனை பங்கு நிரம்பியது என்பதே மதிப்பெண். புக்கிங் ஆப்பில் பச்சை, சிவப்பு பார்த்துச் சொல்வது செல்லாது. ஹாலிவுட் ஆட்டம் எங்கள் ஷீட்டில் காம்ஸ்கோர் கணக்கோடு தனியாக ஓடட்டும்.

மாலைக்காட்சி:

இதற்கு நான் வருகிறேன். ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு ஊரில் எண்ணினால் சராசரி. தியேட்டரின் மொத்த இருக்கை எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சண்டை வரும்.

கடைசி ரீல்:

நான் ஆட மாட்டேன், தேர்வும் சொல்ல மாட்டேன். எந்தப் படம் விழும்னு பட்டியல் போட என் கை வராது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் எத்தனை படத்தைத் தியேட்டர்ல விட்டு வைக்கிறாங்க? நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துடும்னு தெரிஞ்சு பாதிப் பேர் வீட்டிலேயே இருக்காங்க. சின்னப் படத்துக்கு அந்த ஞாயிறு காலைக் காட்சி ஒண்ணு கிடைச்சா அதிகம். உங்க விதியில மாலைக் காட்சின்னு போட்டிருக்கீங்க, அதை "எந்தக் காட்சி ஓடுதோ அது"ன்னு மாத்துங்க. காலைக் காட்சிக்கு மதுரையில எண்ண ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நான் போறேன். தூங்குற பிள்ளைகளையும் சேர்த்து எண்ணித் தர்றேன்.