திராட்சையில் ‘உறைபனிக் கருகல்’: மாற்றுச் சொல் தேவை

> கடுங்குளிரில் திராட்சைக்கு நேரும் சேதத்தை ‘உறைபனிக் கருகல்’ என்றே குறிக்கலாமே?

ஐயா, ‘கருகல்’ ஏற்கெனவே இலைக்கருகல் போன்ற நோய்களுக்கு வழங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், குளிர்காலத்தில் செத்த மொட்டு வெளியே கருகுவதே இல்லை. பழுப்புச் செதிலோடு நலமான மொட்டைப் போலவே இருக்கும். பிளேடால் குறுக்கே அரிந்தால்தான் உள்ளே பச்சைக்குப் பதில் கறுப்பு தெரியும். அதுவும் வெட்டிய குச்சிகளை ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வைத்த பிறகே. உடனே அரிந்தால் செத்ததும் பச்சையாகத் தோன்றி ஏமாற்றும்.

‘உறைபனி’ என்பது மேலே படியும் வெண்படிகம். காற்று வறண்டிருந்தால் படிகமே இல்லாமல் திசு உறைந்துவிடும். கொல்வது திசுவுக்குள் உருவாகும் பனிக்கட்டிதான். ஆகவே ‘உறைமடிவு’ என்று முன்மொழிகிறேன். மொட்டு உறைமடிவு, தளிர் உறைமடிவு, தண்டு உறைமடிவு என்று உறுப்பின் பெயரை முன்னால் சேர்க்கலாம். இந்தப் பிரிப்பு கட்டாயம் வேண்டும்: குளிருக்குப் பழகி உறங்கும் வினிஃபெரா (ஐரோப்பியத் திராட்சை இனம்) மொட்டு, வகையைப் பொறுத்து, ஏறத்தாழ −20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், வசந்தத்தில் விரிந்த தளிரோ −2, −3 டிகிரியிலேயே மடியும்.

> மொட்டு மடிந்தால் விளைச்சலே போயிற்று என்றுதானே பொருள்?

இல்லை. வெளியே ஒரே மொட்டாகத் தெரியும் ஒரு கண்ணுக்குள் மூன்று மொட்டுகள். குலைகளில் பெரும்பங்கைத் தருவது முதன்மொட்டு. குளிரில் முதலில் சாவதும் அதுதான். இரண்டாம் மொட்டு தளிர்க்கும், குலை குறையும். மூன்றாவதில் பெரும்பாலும் இலைதான். எனவே ‘முதன்மொட்டு உறைமடிவு’ என்ற சொல்லும் வேண்டும். கவாத்தை (கிளை வெட்டுவதை) முடிவுசெய்வது, செத்த முதன்மொட்டுகளின் விழுக்காடுதான். தோட்டத்தின் மேடு, பள்ளம் இரண்டிலிருந்தும் தனித்தனியே 100 கண்கள் அரிந்து எண்ணுங்கள். 15 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் வழக்கமான கவாத்து. அதற்கு மேல் இழப்பை ஈடுகட்டக் கூடுதல் கண்களை விட வேண்டும். பாதிக்கு மேல் போயிருந்தால் கத்தரியை மிகக் குறைவாகவே தொட வேண்டும்.

தண்டில் ஃபுளோயமும் (உணவைக் கடத்தும் திசு) கேம்பியமும் (புதுத் திசு உருவாக்கும் அடுக்கு) முதலில் பழுப்பாகும், சைலம் (நீரைக் கடத்தும் திசு) தப்பிவிடும். அதனால் கொடி தளிர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் திடீரென வாடிச் சரியும். தண்டு வெடித்த இடத்தில் கழலை நோய்ப் பாக்டீரியா பெருகும். குளிருக்கு முன்பே ஒட்டுப்பகுதிக்கு மேல் மண் அணைத்திருந்தால், அங்கிருந்து புதுத் தண்டு எடுக்கலாம்.

> ‘மடிவு’ முழு இறப்பைக் குறிக்கிறது. பாதி பழுதான தண்டை எப்படிச் சொல்வது?

சரியான கேள்வி. காயம்பட்ட கேம்பியம் அந்தப் பருவத்திலேயே புதுத் திசு போட்டு மீள்வதுண்டு. ‘உறைபழுது’ பொதுச்சொல்லாக இருக்கட்டும். செத்த திசுவுக்கு மட்டும் ‘உறைமடிவு’.