புதுப்பிப்பு: நிறுத்திய லாரியில் டீசல் குறைவது, ஜிபிஎஸ் அடங்கிவிடுவது

இரவில் நிறுத்திய லாரிகளில் டீசல் குறைகிறது, அந்த நேரம் பார்த்து வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் கருவியும் அடங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஜாமர், அதாவது சிக்னலை அடைக்கும் கருவி, என்று பலர் சொன்னீர்கள். அது இல்லை. ஜிபிஎஸ்ஸை மட்டும் அடைக்கும் ஜாமர் என்றால், ஜிபிஎஸ் கருவி சிம் வழியே பேசிக்கொண்டுதான் இருக்கும். இடம் மட்டும் தெரியாது. இங்கே மொத்தமாகப் பேச்சே இல்லை. "கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சுக்கு அடுத்த பக்கத்திலிருந்து இணைப்பு கொடுத்திருந்தார்கள். சுவிட்சைத் திருப்பினால் கருவியும் படுத்துவிடும். அதன் உள்பேட்டரியும் செத்திருந்தது. அதை மாற்றி, பேட்டரியிலிருந்து நேரே ஃபியூஸ் வைத்து வயர் இழுத்தோம். யாராவது துண்டித்தால் இப்போது உடனே அலர்ட் வருகிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. டேங்க் வாயில் குழாய் நுழையாதபடி வலைத் தடுப்பு போட்ட வண்டியிலும் டீசல் குறைந்தது. குனிந்து பார்த்தால், டேங்க் அடியில் டிரெய்ன் பிளக்கை (டேங்கைக் காலி செய்யத் திறக்கும் அடைப்பு) சுற்றி மட்டும் அழுக்கே இல்லை. ஸ்பானர் கடித்த புதுத் தழும்பு. மேலே பூட்டி என்ன பயன்! பிளக்கில் துளையிட்டு நம்பர் போட்ட கம்பி சீல் கட்டினோம். வண்டி வரும்போதும் போகும்போதும் கேட்டில் அந்த நம்பரைச் சரிபார்க்கிறார்கள். அதற்கப்புறம் குறையவில்லை. கேமரா வைக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.