மறு: கழுத்து திருப்பலா, சீவலா, கடைசலா?

குழுமத்தாருக்கு வணக்கம். நம் துப்பாக்கிச் சுடுதல் அகராதியில் neck turning என்ற தோட்டா வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> "கழுத்து திருப்பல்" என்றே போட்டுவிடலாம், புரிந்துகொள்வார்கள்.

ஐயா, இதற்கு மட்டும் என்னால் சம்மதிக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பு என்றால் ஆள் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். திருகல் என்று மாற்றினால் கோழிக் கழுத்துதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது தோட்டாக் கூட்டின் (மருந்து அடைத்த பித்தளை உறையின்), குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தில் பித்தளையை மெல்லிய சுருளாக வழித்தெடுக்கும் வேலை. எங்கள் காரைக்குடிப் பக்கம் அதற்குப் பெயர் கடைசல் பிடிப்பது. பர்மாத் தேக்குத் தூணோ, தொட்டில் காலோ, குத்துவிளக்கின் தண்டோ, சுழலவிட்டு உளி கொடுத்தால் அது கடைசல். ஆகவே, கழுத்துக் கடைசல்.

இந்த வேலை எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தொழிற்சாலையும் விற்காத தோட்டா வேண்டுமென்றால், கிடைக்கிற ஒன்றின் காலிக் கூட்டை அச்சில் அழுத்தி வடிவம் மாற்றுகிறார்கள். .22-250 என்ற தோட்டா அப்படிப் பிறந்ததுதான். .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கி ஆர்வலர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருந்ததை 1965இல் ரெமிங்டன் கம்பெனி தன் விற்பனையில் சேர்த்துக்கொண்டது. கழுத்தைச் சுருக்கினால் பித்தளை எங்கே போகும்? சுவர் தடிக்கிறது. நீளக் கூட்டை வெட்டிக் குறைத்து, பழைய தோள் (கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவு) இருந்த இடத்தைப் புதுக் கழுத்தாக்கினால் இன்னும் தடிக்கும். சுடும்போது கழுத்து சற்று விரிந்தால்தான் குண்டு விடுபடும். துப்பாக்கி அறைக்குள் விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். கடைசல் பிடிப்பது அழகுக்காக என்று ஒருவர் எழுதியிருந்தார், அது சரியில்லை.

கழுத்துக்குள் அளவான உள்தண்டை நுழைத்து, கூட்டைச் சுழற்றி, வெளிப்பக்கம் வெட்டலகைக் கொடுக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் தடித்த பக்கம் மட்டும் பளபளக்கும். மெலிந்த பக்கம் அலகு படாமல் மங்கலாகவே நிற்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இப்படிக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

"கழுத்துச் சீவல்" நல்ல சொல்தான், ஆனால் குழப்பும். இளநீர் சீவுவதுபோல வாயை வெட்டுவது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். கூட்டின் நீளத்தைக் குறைக்க வாயை நறுக்கும் வேலை இதே வரிசையில் தனியாக உண்டு. கழுத்தின் உட்புறத்தைக் குடைந்து சீராக்குவதும் வேறு வேலை. கடைசல் என்றால் வெளிப்பக்கம் என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது.

கழுத்தின் அடியில், தோளோடு சேரும் இடத்தில், உள்ளே தடித்து நிற்கும் பித்தளைக்கு (ஆங்கிலத்தில் donut) "உள்வளையம்" போதும் என்று நினைக்கிறேன். அது வராமலிருக்கத்தான் கடைசலைத் தோளின் தொடக்கம்வரை இலேசாக இறக்குகிறார்கள்.

அப்புறம், மேலே சொன்னபடி கூட்டின் வடிவம் மாற்றிச் செய்துகொள்ளும் தோட்டாவுக்கு, ஆங்கில wildcat என்பதை அப்படியே பெயர்த்த "காட்டுப்பூனைத் தோட்டா" வேண்டவே வேண்டாம். "பட்டறைத் தோட்டா"வும் நம் ஊரில் கள்ளத் துப்பாக்கி வாடை அடிக்கும். உரிமம் பெற்றுச் சுடும் விளையாட்டுக்காரர்கள் படிக்கப்போகும் அகராதி இது. "தனிவடிவத் தோட்டா" என்று வைக்கலாம்.

பதனாற்றல் (annealing) பற்றிக் கேட்டவருக்கு: அச்சில் அழுத்த அழுத்தப் பித்தளை கெட்டிப்பட்டு விரிசல் விடும், அதனால் காய்ச்சி இளக்குகிறார்கள். கழுத்தும் தோளும் மட்டுமே சூடேற வேண்டும், அடிப்பக்கம் கெட்டியாகவே இருக்க வேண்டும். முழுக் கூட்டையும் நெருப்பில் போட்டுவிட்டால் அது சுடுவதற்கு ஆகாது. எனவே வெறும் பதனாற்றல் என்று விடாமல் "கழுத்துப் பதனாற்றல்" என்று இடத்தையும் சேர்த்தே பதியுங்கள்.