டாங்கிகளை டிரெய்லரில் ஏற்றிப் போவது ஏன்? பாலைவனப் போர் பற்றி ஒரு சந்தேகம்

சுடுமணல்:

1991 வளைகுடாப் போர், 2003 ஈராக் படையெடுப்பு இரண்டையும் பற்றிக் கொஞ்ச நாளாகப் படங்களும் வீடியோக்களும் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கி 60 டன்னுக்கு மேல் எடை, 1500 குதிரைசக்தி எஞ்சின், எந்த நிலத்திலும் ஓடும் என்கிறார்கள். ஆனால் படங்களில் பாதி நேரம் அது டிரெய்லர் மேல் உட்கார்ந்துதான் போகிறது. மீதி நேரம் எங்காவது நின்றுகொண்டிருக்கிறது, வீரர்கள் அதன் பின்பக்கத்திலிருந்து எதையோ வெளியே எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் போவது பத்து டாங்கி என்றால் பின்னால் வருகிற லாரிக் கூட்டத்துக்கு முடிவே தெரியவில்லை.

மரம் இல்லை, ஆறு இல்லை, ஊர் இல்லை, டாங்கிச் சண்டைக்குப் பாலைவனத்தைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். பிறகு ஏன் இந்தப் பாடு? வண்டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அந்த வெயிலை எப்படித் தாங்குகிறார்கள் என்றும் தெரிந்தால் நல்லது.

டீசல்வாசி:

நான் குவைத்தில் கனரக வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தில் சில வருடம் இருந்தவன். ராணுவ வண்டியைத் தொட்டதில்லை, ஆனால் அந்தத் தூசியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

முதலில் டிரெய்லர். டாங்கியின் சங்கிலிப் பட்டை, நம் லாரி டயர் மாதிரி லட்சம் கிலோமீட்டர் ஓடாது. சில ஆயிரம் கிலோமீட்டர்தான் அதன் ஆயுள், மணலும் கல்லும் சேர்ந்தால் அதுவும் குறையும். சண்டை நடக்கும் இடம் துறைமுகத்திலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி என்றால், அங்கே ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தால் பட்டையின் ஆயுளில் கணிசமான பங்கு வழியிலேயே போயிருக்கும், பற்சக்கரம், ரோலர் எல்லாம் ஆட்டம் கொடுக்கும், தார் ரோடும் பாழாகும். அதனால்தான் லோபெட் என்கிற தாழ்வான டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். 1991இல் அமெரிக்கர்களிடமே அந்தப் பெரிய டிரெய்லர் வண்டிகள் போதவில்லை, மற்ற நாடுகளிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தார்கள்.

அடுத்து எரிபொருள். ஏப்ராம்ஸில் இருப்பது டர்பைன் எஞ்சின், விமான எஞ்சின் வகையறா. ஏறத்தாழ 1900 லிட்டர் பிடிக்கும், அதை வைத்துக்கொண்டு நல்ல ரோட்டிலேயே 400 கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர். மணலில் இன்னும் மோசம். இதைவிடக் கொடுமை, சும்மா நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு 40 லிட்டர் வாக்கில் குடிக்கும். அவர்களுடைய பெரிய டேங்கர் லாரி ஒன்று சுமார் 9500 லிட்டர் கொண்டுவரும், அதில் ஐந்து டாங்கிக்குத்தான் முழுதாக நிரப்ப முடியும். கம்பெனி என்கிற சிறிய படைப்பிரிவு ஒன்றில் 14 டாங்கி. அப்படியென்றால் ஒரே ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு தடவை நிரப்ப மூன்று டேங்கர். நீங்கள் பார்த்த லாரி வரிசையில் பாதி இதற்குத்தான்.

அவர்கள் தட்டிக்கொண்டிருந்தது ஏர் ஃபில்டர். டர்பைன் சாதாரண டீசல் எஞ்சினைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கும், கூடவே தூசியையும். ஈராக், குவைத் பக்கம் உள்ளது கடற்கரை மணல் மாதிரி பரல் பரலாக இருக்காது, முகப்பவுடர் மாதிரி இருக்கும். வண்டி போனால் எழும்பும், அரைமணி நேரம் ஆனாலும் அடங்காது. பின்னால் வருகிறவன் அத்தனையையும் குடிக்க வேண்டும். ஃபில்டர் அடைத்தால் முதலில் இழுவை குறையும், அதையும் மீறி ஓட்டினால் உள்ளே போன துகள் டர்பைன் இதழ்களைத் தேய்த்துவிடும். அதனால்தான் 1991இல் நிறுத்தி நிறுத்தி ஃபில்டரைக் கழற்றித் தட்டினார்கள். பிற்பாடுதான் தானாகவே காற்றை எதிர்த்திசையில் அடித்துச் சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் வந்தது.

பழையவரைபடம்:

டீசல்வாசி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்கனை மட்டும் கேலி செய்ய வேண்டாம். 2001இல் ஓமனில் பிரிட்டிஷ் ராணுவம் பெரிய ஒத்திகை ஒன்று நடத்தியது. அவர்களுடைய சேலஞ்சர் 2 டாங்கிகளுக்குப் பாலைவனத்துக்கான மாற்றங்களைச் செய்யாமலே அனுப்பினார்கள், செலவு மிச்சம் என்று. சில மணி நேரத்திலேயே ஃபில்டர் அடைத்துக்கொண்டு நின்றது, வீரர்களின் பூட்ஸ் அடிப்பாகம் சூட்டில் இளகியது. அதற்கு அடுத்த ஒன்றரை வருடத்தில் ஈராக் போர். அவசர அவசரமாக அந்த மாற்றங்களைச் செய்துகொண்டு கிளம்பினார்கள்.

பாலைவனம் டாங்கிக்கு நல்ல இடம் என்பது வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் சொல்வது. 1942இல் ஜெர்மன் தளபதி ரோமல் எகிப்தின் எல் அலமெய்ன் வரை வந்தது பெரிய சாதனைதான், ஆனால் அவருக்குச் சாமான் வந்து இறங்கிய லிபியாவின் திரிப்போலி துறைமுகம் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் பின்னால் இருந்தது. பக்கத்தில் இருந்த தோப்ருக் சிறிய துறைமுகம், அதன் மேலும் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. முன்வரிசைக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் லாரியே வழியில் பெரும்பங்கைக் குடித்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் எல் அலமெய்ன் பக்கத்து அலம் ஹல்ஃபா மேட்டில் அவர் தாக்குதல் நின்றதற்குப் பெட்ரோல் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம்.

பிரிட்டிஷார் பக்கம் வேறு கூத்து. மெல்லிய தகர டின்னில் பெட்ரோல் அனுப்பினார்கள். லாரி குலுங்கும்போதே தையல் விட்டு ஒழுகும், போய்ச் சேரும்போது கணிசமான பகுதி மணலுக்குப் போயிருக்கும். ஜெர்மன்காரன் விட்டுப்போன 20 லிட்டர் கேனைக் கண்டால் விடமாட்டார்கள், பிறகு அதையே அச்சு அசலாகக் காப்பியடித்துத் தயாரித்தார்கள். இன்று உலகம் முழுக்க ஜீப்பின் பின்னால் தொங்குவது அந்த வடிவம்தான். என்னைக் கேட்டால் அந்தப் போரில் புழங்கிய சிறந்த பொருள்களில் ஒன்று அந்தக் கேன்.

மணலில் வண்டி ஓட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னோல்ட். 1940இல் எகிப்தில் தொலைதூர ரோந்துப் படை ஒன்றைத் தொடங்கினார். சாதாரண லாரிகள்தான். டயர் காற்றைக் குறைப்பது, சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் நீளமான இரும்புத் தகடுகளைச் செருகுவது, ரேடியேட்டர் கொதித்து வரும் ஆவியைக் குழாய் வழியாக ஒரு கேனில் குளிர்வித்து மறுபடி ரேடியேட்டருக்கே அனுப்புவது, வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும் என்பதால் நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரியத் திசைகாட்டி, எல்லாம் அவர் கூட்டம் போரில் பயன்படுத்தியவை. பெரும்பாலானவற்றை 1920, 30களில் சொந்தப் பொழுதுபோக்குக்காக அந்த மணலில் கார் ஓட்டியபோதே பழகியிருந்தார். இன்றைய ராணுவ லாரிகளில் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கிறார், அடிப்படை விஷயம் அதேதான்.

சுடுமணல்:

அருமை. அப்படியென்றால் கனத்த டாங்கியே வேண்டாம், லேசான வண்டிகள் போதும் என்று ஆகாதா? 1987இல் சாட் நாட்டுக்காரர்கள் டொயோட்டா பிக்கப்பில் டாங்கியை அடிக்கும் மிலான் ஏவுகணையை வைத்துக்கொண்டு லிபியாவின் டாங்கிகளை ஓட ஓட விரட்டியதாகப் படித்தேனே.

இரும்புக்கதவு:

படித்தது சரி, எடுத்த முடிவு சரியில்லை. 1987 ஜனவரியில் ஃபாடாவிலும் மார்ச்சில் ஊவாதி தூமிலும் சாட் படை ஜெயித்தது உண்மை. ஆனால் எதிரே இருந்த லிபியாக்காரன் தளத்துக்குள் முடங்கிக் கிடந்தான், நிலம் தெரியாதவன், சண்டை போட மனசும் இல்லாதவன். பிக்கப்பின் வேகம் அங்கே எடுபட்டது.

அதே லேசான வண்டியை ஈராக் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். 2003க்குப் பிறகு அமெரிக்கர்கள் ஹம்வி என்கிற, ஜீப் மாதிரியான வண்டியில் கவசம் இல்லாமல் சுற்றினார்கள், ரோட்டோரக் குண்டுகள் வெடித்துச் செத்தார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு வீரர் எழுந்து, வண்டிக்குக் கவசம் போட நாங்கள் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்க வேண்டியிருக்கிறதே என்று பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டிடம் நேருக்கு நேர் கேட்டார். 2007இல்தான் எம்ராப் என்ற, அடிப்பாகம் V வடிவில் இருக்கும் வண்டிகள் பெருமளவில் வந்தன. குண்டின் வேகத்தை அந்த வடிவம் இரண்டு பக்கமும் சிதறடித்துவிடும், உள்ளே இருப்பவன் பிழைப்பான். விலை என்னவென்றால் கனம், உயரம். கால்வாய்க் கரை இடிந்தால் கவிழும், ரோட்டை விட்டு இறங்கினால் புதையும். ஆஃப்கானிஸ்தானுக்கு அது சரிப்படாமல் 2009இல் அதன் சிறிய வடிவம் ஒன்றைச் செய்தார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வண்டியை இதுவரை யாரும் செய்யவில்லை.

டாங்கியைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. 1991 பிப்ரவரி 26, ஈராக்கின் தென்கோடிப் பாலைவனம், ஒரு ஊர்கூட இல்லாததால் வரைபடத்தின் செங்குத்துக் கோட்டின் எண்ணை வைத்தே அந்தச் சண்டைக்கு 73 ஈஸ்டிங் என்று பெயர். மணல்காற்று அடித்து வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத நேரம். ஏப்ராம்ஸில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கருவி இருந்தது, ஈராக்கின் டி-72 டாங்கிகளில் அந்தத் தரத்தில் எதுவும் இல்லை. யார் சுடுகிறார்கள் என்று தெரியாமலே அவை எரிந்தன. குவைத்துக்கு மேற்கே உள்ள அந்தப் பாலைவனத்தில் பெரிய படை வழி கண்டுபிடித்து வராது என்று ஈராக் நம்பியிருந்தது, ஜிபிஎஸ் அந்த நம்பிக்கையை உடைத்தது. இத்தனைக்கும் முழு எண்ணிக்கைச் செயற்கைக்கோள்கள் அப்போது மேலே இல்லை, ஏற்பாடு முழுமையானது 1995இல். கருவியும் போதவில்லை, சில வீரர்களுக்கு வீட்டிலிருந்து வாங்கி அனுப்பினார்கள்.

ஓய்வு_ஹவில்தார்:

தம்பி, ஆட்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் ராஜஸ்தான் செக்டாரில் இருந்தவன், போர் பார்க்கவில்லை, வெயில் பார்த்தேன்.

தாங்குவதற்கு ரகசியம் எதுவும் கிடையாது. உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகும். அதற்கு முன்னால் ஓட விட்டால் ஆள் விழுவான். கவச வண்டியின் இரும்பை வெறுங்கையால் தொட முடியாது, உள்ளே வெளியைவிடச் சூடு. 2003இல் ஈராக் போனவர்கள் ரசாயனத் தாக்குதல் பயத்தில் அதற்கான கனத்த உடுப்பையும் மேலே போட்டுக்கொண்டு போனார்கள், நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. தண்ணீர் குடி குடி என்பார்கள், ஆனால் அதற்கும் அளவு உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்குள், நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு லிட்டருக்குள் என்று அமெரிக்க ராணுவமே வரம்பு வைத்திருக்கிறது, சாப்பிடாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆளையே கொன்றுவிடும். ஆளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் 4000 பேர் உள்ள பிரிகேடுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு 40 டன். டீசல்வாசி சொன்ன லாரி வரிசையின் மீதிப் பாதி இதுதான்.

துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும், போடாவிட்டால் சிக்கும். அடிக்கடி துடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2003 மார்ச் 23இல் நாசிரியாவில் அமெரிக்காவின் 507ஆம் பராமரிப்புக் கம்பெனி மாட்டிக்கொண்டது இதற்கு உதாரணம். அவர்கள் சண்டைப்படை இல்லை, பழுதுபார்ப்பவர்கள். கனத்த வண்டிகள் மணலில் புதைந்து, பழுதாகி, கான்வாயை விட்டுப் பின்தங்கினார்கள், தூக்கமில்லாமல் வழி தவறி ஊருக்குள்ளேயே போய்விட்டார்கள். சுற்றி வளைத்தபோது பலருடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டது. 11 பேர் செத்தார்கள். எல்லாரும் முன்வரிசை டாங்கியைத்தான் படம் எடுக்கிறார்கள், அடி விழுந்தது கடைசி லாரிக்கு.

நம் பக்கத்தில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் நடந்த சண்டை எல்லாருக்கும் தெரியும். 1971 டிசம்பர் 4 இரவு பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன, காவலுக்கு இருந்தது ஒரு கம்பெனி, 120 பேர் வாக்கில். மென்மணலில் டாங்கிகள் புதைந்தன, எஞ்சின் சூடேறியது. ஜெய்சால்மரில் இருந்த நம் ஹண்டர் போர் விமானங்களால் இரவில் தாக்க முடியாது, விடிந்ததும் வந்தன. ஒளிய ஒரு மரம் இல்லை, போதாக்குறைக்கு ஒவ்வொரு டாங்கிக்குப் பின்னாலும் அது வந்த தடம் மணலில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. மரமில்லாத இடம் டாங்கிக்கு வசதி என்றீர்களே, மேலே இருப்பவன் யார் என்பதைப் பொறுத்தது அது.

டீசல்வாசி:

ஹவில்தார் ஐயா சொன்ன புதைமணலோடு சப்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சுடுமணல். வளைகுடாக் கரையோரம் உப்புப் படிந்த தரை, மேலே காய்ந்த களிமண் மாதிரி கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. லாரி ஏறினால் மேல்தோல் உடைந்து அச்சு வரை இறங்கும். இழுக்க வந்த வண்டியும் சேர்ந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். எகிப்தின் கத்தாரா பள்ளமும் உப்புச் சேறும் மணலும்தான், எல் அலமெய்னில் இரண்டு படையும் அதற்கும் கடலுக்கும் இடையில் உள்ள குறுகிய இடைவெளியில் மோதிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

சுடுமணல்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பாடு தரையில் என்றால் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று கேட்க வந்தேன், திட்டு விழும் போலிருக்கிறது.

பழையவரைபடம்:

கேளுங்கள், திட்ட மாட்டோம். 1980 ஏப்ரல் 24 இரவு ஈரானில் பிணைக்கைதிகளை மீட்க அமெரிக்கா எட்டு ஹெலிகாப்டர்களை அனுப்பியது. குறைந்தது ஆறு தேவை. ஒன்றை விசிறி இறக்கையில் கோளாறு என்று எச்சரிக்கை வந்து வழியிலேயே விட்டார்கள், ஒன்று தூசிப் படலத்தில் திரும்பிப் போனது, மூன்றாவது பாலைவனத்தில் இறங்கிய பிறகு ஹைட்ராலிக் பழுது. ஐந்துதான் மிச்சம், திட்டத்தைக் கைவிட்டார்கள். கிளம்பும்போது தங்கள் விசிறியே கிளப்பிய தூசியில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றியிருந்த விமானத்தின் மேல் மோதி 8 பேர் இறந்தார்கள். எதிரி யாரும் அங்கே சண்டைக்கு வரவே இல்லை.

இரும்புக்கதவு:

அதோடு, ஹெலிகாப்டருக்கும் எரிபொருளை லாரியில்தான் கொண்டுவருவார்கள்.